முதல் பிச்சை

"சிவநேசனுக்கு இன்னிக்கி விடுதலையாம்" என்று மடத்துச் சமையல்கட்டில் யாரோ சொன்னார்கள்.

"ஜெயில்லயா இருந்தாரு?"

"இல்லப்பா. மகனுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. கோர்ட் சொன்ன ஜீவனாம்சம் இனிமே கிடையாது."

வாசலில் பூப்பறித்துக்கொண்டிருந்த மடத்துத் தலைவி குருவம்மாவின் காதிலும் அது விழுந்தது.

சிவநேசன் ஓட்டமும் நடையுமாக வந்தார். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. குருவம்மா அவரைவிட இளையவர்.

"அம்மா, கடமை முடிஞ்சுது. பதினோரு வருஷத்துல ஒரு மாசம்கூடத் தவறல. எனக்குக் காவி எப்ப?"

"இன்னிக்கே."

அவருக்கு நிலைகொள்ளவில்லை. "மொட்டை போட ஆள் வரச் சொல்லிட்டேன்" என்றார்.

"மடத்து வழக்கம் தெரியுமில்ல? காவி கட்டுறதுக்கு முன்னாடி முதல் பிச்சை சொந்த வீட்டுல. பையன் கையால வாங்கிட்டு வாங்க."

"இதோ, இப்பவே." விறுவிறுவென்று படியிறங்கியவர் நின்றுவிட்டார்.

"என்ன?"

"அவங்க வீடு மாத்திட்டாங்கம்மா. எங்கன்னு தெரியாது. பேங்க் கணக்கு நம்பர்தான் இருக்கு."

"அப்ப பேங்க் வாசல்ல நின்னு கேளுங்க."

உள்ளே யாரோ சிரித்தார்கள். சிவநேசன் வக்கீலைப் போனில் பிடித்து, மகன் பரிதியின் எண்ணை வாங்கினார். இரண்டு தடவை தப்பாக அழுத்தினார்.

"யாரு?"

"அப்பா."

அந்தப் பக்கம் வண்டி உறுமும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பையன் கேட்டான்: "பணம் நிறுத்திட்டேன்னு சொல்லத்தான் கூப்பிட்டீங்களா?"

"இல்லப்பா. என்ன பண்ணிட்டிருக்க?"

"பைக்ல எட்டு போட்டுப் பழகுறேன். லைசென்ஸுக்கு. ஒவ்வொரு தடவையும் காலை ஊனிடுறேன்."

"எந்த வளைவுல?"

"ரெண்டாவதுல."

"முன்சக்கரத்தப் பாக்குறியா?"

"ஆமா."

"அதான். அடுத்த வளைவப் பாரு. கிளட்ச்ச முழுசா விடாத."

வண்டி மறுபடி உறுமி, அணைந்தது.

"சொன்னாப் புரியல" என்றான் பரிதி. "பழைய மில் மைதானத்துல இருக்கேன். ஒரு மணி வரைக்கும் இருப்பேன்."

சிவநேசன் போனை வைத்தார்.

"பிச்சை போடுறானாமா?" என்றார் குருவம்மா.

"கேக்க மறந்துட்டேன்." அவர் கையைப் பிசைந்தார். "அம்மா, கடமைதான் இன்னிக்கோட முடிஞ்சிருச்சே. இப்பப் போனா, நான் என்னன்னு போறது?"

குருவம்மா அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

"மில்லுக்குப் பஸ் பதினொன்னேகாலுக்கு."

சிவநேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.