சரிபார்ப்புப் பிரிவின் கடிதக்கட்டு

அந்த வருஷம் பல்கலைக்கழக வேலைவாய்ப்பு முகாமுக்கு ஒரு கம்பெனிகூட வரச் சம்மதிக்கவில்லை. பழைய மாணவர்களைக் கூப்பிடலாமே என்று கூட்டத்தில் வாய் திறந்தவள் செண்பகவல்லி ஒருத்திதான். சான்றிதழ் சரிபார்ப்புப் பிரிவில் தற்காலிக எழுத்தர்.

வேலைவாய்ப்பு இயக்குநர் ஞானசிகாமணிக்குச் சுர்ரென்றது. நட்சத்திர ஓட்டலில் விருந்து வைத்துத் தொடர்பு பிடிக்கிற மனிதர் அவர்.

"உனக்கு யாரைம்மா தெரியும்? வெள்ளிக்கிழமைக்குள் இருபது பேரைக் கொண்டுவா. இல்லாவிட்டால் திங்கள்கிழமை வேலைக்கு வராதே."

"சரிங்க சார்" என்றாள். நான்கு நாளும் போனைக் கீழே வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அரங்கில் நாற்பத்திரண்டு பழைய மாணவர்கள், ஆளுக்கொரு கம்பெனி. துணைவேந்தர் அசந்துபோனார். ஞானசிகாமணி முந்திக்கொண்டார்.

"எல்லாம் நம்ம தொடர்புதான் சார்."

"அப்படியா? முன்வரிசையில் இருக்கிறாரே, அவர் பேர் என்ன?"

இயக்குநர் கைக்குட்டையைத் தேடினார்.

செண்பகவல்லி ஒரு கடிதக்கட்டை மேசையில் வைத்தாள்.

"நம்ம பிள்ளைங்களை வேலைக்கு எடுத்ததும், பட்டம் நிஜமான்னு கேட்டு கம்பெனி நமக்குத்தான் சார் எழுதும். யார் எங்கே இருக்காங்கன்னு அதிலேயே இருக்கு. முத்திரை குத்துறப்ப நான் படிச்சுப் பார்ப்பேன்."

திங்கள்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். அடுத்த மாதம் முகாம் நடந்தது, பதினேழு கம்பெனிகள். அழைப்பிதழில் ஒருங்கிணைப்பாளர் என்று அச்சாகியிருந்த பெயர், செண்பகவல்லி.