கொட்டாங்கச்சி ஓட்டுநர்

கோடை வந்ததும் காட்டுக் குளத்தில் சேறுதான் மிச்சம். தண்ணீர் வேண்டுமென்றால் பாறைக்காட்டைத் தாண்டி ஏரிக்குப் போக வேண்டும். முயலுக்கோ நிறைமாதம். நாலு தாவு தாவினாலே மூச்சு வாங்கியது. தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

நல்ல வேளையாகக் குளக்கரைக்கு ஒரு புது வண்டி வந்திருந்தது. இழுக்க மாடு வேண்டாம், ஓட்ட ஆள் வேண்டாம். ஏரிக்குத் தானே போகும், தானே திரும்பும். பின்னால் நாலு இடம். நாலும் நிறைந்தால்தான் நகரும். முயல் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தது.

"வாங்க, வாங்க! இன்னும் மூணு பேர் ஏறினா கிளம்பிடலாம்!"

காட்டெருமை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. "முன்னாடி ஆளே இல்லையே! பள்ளத்துல விட்டா நான் யாரைத் திட்டுறது?"

"நேத்து நரிங்க நாலும் போய்ட்டு முழுசாத்தானே திரும்பி வந்துச்சு, அண்ணே?"

"நரி பேச்சை எவன் நம்புவான்!"

"மான் ஏறினா நானும் ஏறுறேன்" என்றது முள்ளம்பன்றி.

"நீ பக்கத்துல உட்காருறதா இருந்தா நான் ஏறவே மாட்டேன்!" என்று மான் துள்ளி விலகியது.

"முள்ளுப் பக்கம் நான் உட்கார்ந்துக்கறேன், போதுமா?" என்றது முயல். அப்போதும் ஒருவரும் அசையவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. முயலுக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து மரத்தில் ஒரு குரங்கு கொட்டாங்கச்சியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. முயல் அதைச் சைகை காட்டி அழைத்துக் காதோடு காதாகச் சொன்னது: "தம்பி, வண்டியில முன்னாடி உட்காரு. இந்தக் கொட்டாங்கச்சியை இப்படியும் அப்படியும் திருப்பிக்கிட்டே இரு!"

குரங்கு உட்கார்ந்தது. "ஏறு, ஏறு! உள்ள தள்ளி உட்காரு!" என்று ஓர் அதட்டல் போட்டது.

அவ்வளவுதான்! மூன்றும் முண்டியடித்து ஏறின. வண்டி கிளம்பியது. குரங்கு கொட்டாங்கச்சியை இடப்பக்கம் திருப்பியது. வண்டி வலப்பக்கம் போனது.

"அடடா, என்ன லாவகம்!" என்று மெச்சியது காட்டெருமை.

பாறைக்காட்டின் நடுவே ஓர் அத்திமரம். பழங்களைக் கண்டதும் குரங்கு கொட்டாங்கச்சியைப் போட்டுவிட்டுக் கிளைக்குத் தாவிவிட்டது.

"ஐயோ! ஓட்டுறவன் போய்ட்டான்! செத்தோம்!" என்று மூன்றும் அலறின. மான் வெளியே குதிக்கப் போனது. கீழே கூர் கூரான பாறைகள்! முயல் அதன் காலைக் கட்டிக்கொண்டது.

"குதிக்காதே! அவன் ஓட்டவே இல்ல! நான்தான் சும்மா உட்கார வச்சேன். உங்களை ஏத்த எனக்கு வேற வழி தெரியல!"

அலறல் அடங்குவதற்குள் வண்டி பாறைகளை வளைந்து கடந்து, ஏரிக்கரையில் மெதுவாக நின்றது. முயல் ஓடிப்போய்த் தண்ணீரில் வாய் வைத்தது. முதல் மடக்கிலேயே அதற்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப நான் மெச்சினது யாரை?" என்று கேட்டது காட்டெருமை.

"கொட்டாங்கச்சியை!" என்றது முள்ளம்பன்றி.

சாயங்காலம் யாரும் கூப்பிடாமலே எல்லோரும் ஏறினார்கள். அத்திமரத்தடியில் குரங்கு கையாட்டியது. வண்டி நின்றது.

"முன்னாடி இடம் இருக்கு, ஏறிக்கோடா!" என்றது காட்டெருமை.

குரங்கு எட்டிப் பார்த்தது. முன்னிருக்கை காலி!

"ஐயையோ! ஓட்டுறவன் இல்லாத வண்டியா? நான் மாட்டேன்பா!" என்று சொல்லிவிட்டு, சூடு தணியாத பாறைகளில் காலை மாற்றி மாற்றி வைத்து வீட்டுக்கு நடையைக் கட்டியது.

வெறும் தோற்றத்தைக் கண்டு மயங்காமல், ஒன்று தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று பார்த்து நம்புவதே அறிவுடைமை.