எட்டாவது கம்பம்

தென் துருவக் கண்டத்தின் கடலோரத்தில் இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் குரு என்று யாரும் யாரையும் அழைத்ததில்லை. மேஸ்திரி என்றுதான் அழைத்தார்கள். மேஸ்திரி சூசை தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஏறித் தொழில் கற்றவர். அவரிடம் கற்க வந்த வேலப்பனோ அவரைவிட வயதில் மூத்தவர், தலை நரைத்தவர். மேஸ்திரி அவரை அண்ணாச்சி என்பார்.

புயல் அடங்கிய காலையில் இருவரும் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

ராடாருக்காக வரிசையாக எட்டு ஆன்டெனா கம்பங்கள் நட்டிருந்தார்கள். முதல் கம்பத்திலிருந்து கடைசிக் கம்பம்வரை வயர் இழுத்துக் கட்டியிருந்தது. இப்போது ஏழு கம்பங்கள் பனியில் கிடந்தன. ஒன்று மடிந்திருந்தது, ஒன்று அடியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. வயரைச் சுற்றித் தொடை கனத்துக்குப் பனிக்கட்டி உறைந்திருந்தது.

எட்டாவது மட்டும் நின்றது. அதன் தோளிலிருந்து அறுந்த வயர் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

எட்டாவது, வேலப்பன் நட்டது. மற்ற ஏழையும் நட்டவர்கள் இருளப்பனும் அவன் கூட்டாளிகள் இருவரும்.

நிலையத் தலைவர் சூடான அறையில் கூட்டம் போட்டார். புயலை வேலையை விட்டு நீக்க முடியாது. அதனால் ஆட்களைத் தேடினார்.

"இவர்கள் மூவரும் கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியைச் சரியாக முறுக்கவில்லை. வருகிற கப்பலில் அனுப்பிவிடலாம். இனி எந்த நிலையத்திலும் இவர்களுக்கு வேலை இருக்காது," என்றார். பிறகு வேலப்பன் பக்கம் திரும்பினார். "உங்கள் கம்பம் நிற்கிறது. எல்லாவற்றையும் திரும்பக் கட்டுவதற்கு இனி நீங்கள்தான் தலைமை. அவர்கள் வேலை மோசம் என்று சாயங்காலம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும்."

இருளப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. விழுந்தவனிடம் கேட்கும் வழக்கம் உலகத்தில் எங்கும் இல்லை.

வெளியே வந்ததும் வேலப்பன் கேட்டார்.

"மேஸ்திரி, என் கம்பம் மட்டும் ஏன் நின்னுச்சு?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க அண்ணாச்சி?"

"நான் முறுக்குனா முறுக்குனதுதான். அவனுவ பாட்டுப் பாடிக்கிட்டே முறுக்குவானுவ. கண்ணால பாத்திருக்கேன்."

"இருளப்பன் நல்லாப் பாடுவான்."

"விளையாடாதீங்க. தலைவர்கிட்ட நான் சொல்லவா, வேண்டாமா?"

மேஸ்திரி அந்த அறுந்த வயரைப் பார்த்தார்.

"ஏழாவது கம்பம் சரிவுல கெடக்கு. வாங்க, மேல இழுத்துப் போட்டுட்டுப் பேசுவோம். பூட்ஸ் ஆணியெல்லாம் கெட்டியா இருக்கா?"

"என் சாமான் என்னைக்கு மேஸ்திரி கெட்டியா இல்லாம இருந்திருக்கு?"

சரிவுக்குக் கீழே கடல் உறுமிக்கொண்டிருந்தது. மேஸ்திரி கம்பத்தின் நுனியில் கயிறு கட்டினார். அதே கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றினார், மிச்சத்தை வேலப்பனின் இடுப்பில் சுற்றினார். அவர் முன்னால் சரிவுப் பக்கம் நின்றார். வேலப்பன் மேலே, அவருக்குப் பின்னால்.

மேஸ்திரி கம்பத்தைப் பிடித்திருந்த பனிக்கட்டியைக் காலால் உதைத்தார். கம்பம் விடுபட்டது. மேலே வரவில்லை. கீழே நழுவியது.

கயிறு விறைத்தது. மேஸ்திரி குப்புற விழுந்தார். வேலப்பன் குதிகாலைப் பனியில் ஊன்றினார். ஆணி பிடித்தது. பிடித்தும் நிற்கவில்லை. ஓர் அடி போனார். இன்னும் ஓர் அடி போனார். முட்டி மடங்கியது. கீழே கடல் தெரிந்தது.

மேஸ்திரி படுத்தபடியே புரண்டார். இடுப்புக் கத்தியை உருவினார். தனக்கும் வேலப்பனுக்கும் நடுவே கயிற்றை அறுத்தார்.

வேலப்பனின் இடுப்பிலிருந்த பாரம் இல்லாமல் போனது. அவர் நின்றார். மேஸ்திரி கம்பத்தோடு சரிவில் போனார்.

வேலப்பன் நின்ற இடத்திலேயே நின்றார்.

கரைக்கு முன்னால் ஒரு பனிமேடு இருந்தது. கம்பம் அதில் குத்தி நின்றது. பக்கத்தில் மேஸ்திரி மெல்ல எழுந்து உட்கார்வது தெரிந்தது. அப்போதுதான் வேலப்பன் ஓடினார்.

மேஸ்திரியின் உதடு கிழிந்திருந்தது. ரத்தம் தாடியில் உறையத் தொடங்கியிருந்தது.

"ஏன் அறுத்தீங்க?" வேலப்பன் அவர் தோளைப் பிடித்தார். "செத்திருப்பீங்களே. ஏன் அறுத்தீங்க?"

"நீங்க விழுந்தீங்களா அண்ணாச்சி?"

"இல்ல."

"நின்னீங்க."

"ஆமா."

"எப்படி நின்னீங்க?"

வேலப்பன் தன் இடுப்பைப் பார்த்தார். அறுந்த கயிறு அங்கே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. திரும்பி மேலே பார்த்தார். வெள்ளை வானத்தில் எட்டாவது கம்பம் நிமிர்ந்து நின்றது.

பிறகு மேஸ்திரியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாயங்காலம் தலைவர் கேப்பாரு, மேஸ்திரி. நான் என்ன சொல்ல?"

மேஸ்திரி பனியில் ரத்தத்தைத் துப்பினார்.

"உங்க பூட்ஸ் நல்ல பூட்ஸ், என் பூட்ஸ் மட்டம்னு சொல்லுங்க. அந்த மூணு பேரோட என்னையும் கப்பல் ஏத்தட்டும்."