தொட்டியோரக் கூழ்க்கடை

மாட்டுச் சந்தைக் குத்தகைதாரர் ராசியண்ணன் வாராவாரம் தன் காங்கேயம் காளையைக் கையில் பிடித்தபடிதான் சந்தையைச் சுற்றி வருவார். சந்தையைப் பெருக்கும் பாவாத்தாள் அவரிடம் கூழ்க்கடை போட இடம் கேட்டாள்.

அவர் சிரித்துக்கொண்டே, ஈ காக்கை எட்டிப் பார்க்காத கடைசி மூலையைக் காட்டினார். “அங்க போட்டுக்க. உச்சிக்குள்ள பானை காலியானா அந்த இடம் உனக்கே. இல்லீன்னா இனிமே கடைப் பேச்சே எடுக்கக் கூடாது” என்றார், பத்துப் பேர் கேட்க.

மறுவாரம் பாவாத்தாள் பானையை இறக்குவதற்கு முன்பே, மூலையில் வறண்டு கிடந்த கல்தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பினாள். விடியலிலிருந்து நடந்து வந்த மாடுகள் தண்ணீரைக் கண்டதும் ஆட்களை இழுத்துக்கொண்டு வந்தன. மாடு குடித்து முடிக்கும்வரை கயிறு பிடித்தவன் நகர முடியாது. நின்ற இடத்துக்கு எதிரே கூழ், கடித்துக்கொள்ள மோர்மிளகாய்.

உச்சிநேரம் நெருங்கியபோது பானையில் ஒரு சொம்புதான் மிச்சம். கேலி பேச வந்த ராசியண்ணனையும் காளை தொட்டிக்கே இழுத்துப் போனது.

“காளை இப்போதைக்குத் தலையைத் தூக்காதுங்க,” என்றாள் பாவாத்தாள். “கூழ் ஊத்தட்டுங்களா?”

வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசிச் சொம்பைக் குடித்துப் பானையைக் காலி செய்தவர் குத்தகைதாரர்தான்.