பின்சுவர் மாப்பிள்ளை

மூணு மணிக்குப் பெண் பார்க்க வர வேண்டிய குணாளன், பழத்தட்டோடு நாலு இருபதுக்கு வந்து நின்றான். நாலரைக்கு ராகு காலம். இத்தனைக்கும் அவன் வீடு சீமையில் இல்லை. எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம். பெண்ணின் அப்பா, அதாவது என் அண்ணன் தணிகாசலம், கடுகடுத்தார்.

"பத்து நிமிஷம் இருக்கு. காரணம் சொல்லுங்க. இல்லேன்னா காபியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

எனக்கு வாய்வீச்சுக்காரர்களைக் கண்டாலே ஆகாது. இவன் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"மாமா..."

அதற்குள் மாமாவாம்!

"நடுவுல சுவர் ஒண்ணுதான். நீங்க ரசம் தாளிச்சா நாங்க தும்முவோம். ஆனா ரோடு? முன்னெல்லாம் எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் வெளிய வந்துடலாம். இப்ப ஊர் பெருகப் பெருக ஆளாளுக்கு ஒரு நகர், ஆளாளுக்கு ஒரு கேட்டு. ஒரு தெருவுக்கும் இன்னொரு தெருவுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. பதினேழு முட்டுச்சந்து பார்த்தேன். இந்த வாழைப்பழம் கிளம்பும்போது பிஞ்சு மாமா!"

"அப்ப நேத்தே கிளம்பிட்டீங்களா?" என்றேன்.

"போன தை மாசம், சின்ன மாமா. ஒரு முட்டுச்சந்துல வண்டியைத் திருப்புறதுக்குள்ள பின்னாடி புதுசா ஒரு நகரே முளைச்சிடுச்சு. கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டாங்க. வடை பரவாயில்ல. வெளிய வர வழியில்லாம அங்கேயே சுத்தினதுல ரேஷன் கார்டு குடுத்துட்டாங்க. ஓட்டும் போட்டேன்."

"யாருக்கு?"

"அதை வெளிய சொல்லக் கூடாதே!"

அப்போது சமையலறையிலிருந்து கேசரிக் கரண்டியோடு அவன் அம்மா எட்டிப் பார்த்தார். பின்சுவரில் ஒரு இடிசல் உண்டு. அதன் வழியாக ரெண்டு மணிக்கே வந்து எங்களுக்கு ஒத்தாசை செய்துகொண்டிருந்தார்.

"ஏண்டா, இப்பத்தான் எழுந்தியா?"

குணாளன் தட்டிலிருந்த வாழைப்பழங்களை எண்ண ஆரம்பித்தான். மணி நாலு இருபத்தெட்டு. எனக்கு ஒரே சந்தோஷம். வாசல் கதவைத் திறந்து பிடிக்க எழுந்தேன்.

"அப்பா, இவரையே முடிச்சிடுங்க" என்றாள் அண்ணன் மகள் செண்பகம்.

"என்னம்மா, இந்தப் புளுகு புளுகுறான்?"

"புளுகட்டும்பா. ஒரே ஒரு கண்டிஷன். சண்டை வந்தா நான் சுவர் வழியா இங்க வந்துடுவேன். என்னைக் கூட்டிட்டுப் போக இவர் ரோட்டு வழியாத்தான் வரணும்."