கண்ணாடிப் பெட்டிக்குள் குடிபோன எலிகள்

ஒரு மாநகரத்தின் பெரிய ரயில் நிலையத்தில், ஆறாம் நடைமேடைக்கு அடியில் எலிகள் குடியிருந்தன. மேலே ரயில் வந்தால் கீழே அவற்றின் மீசை நடுங்கும். மேலே யாராவது இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தால் கீழே ஊருக்கே பசி எடுக்கும்.

எலிகளுக்குத் தலைவர் மூட்டையப்பர் என்ற பெருச்சாளி. பார்சல் அலுவலகத்து மூட்டைகளைக் கடித்துத் தின்று வளர்ந்த உடம்பு. அவர் நடந்து வந்தால் முதலில் வயிறு வரும். கொஞ்சம் கழித்து அவர் வருவார்.

ஒரு நாள் காலை, கூரையில் வாழும் புறா தண்டவாளத்தில் வந்து இறங்கியது.

"செய்தி கேட்டீர்களா? பழைய நிலையத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம்! இந்த வாரக் கடைசியில் முன்கூடத்தில் விழா. விழா முடிந்த கையோடு முதல் இடி ஆறாம் நடைமேடைக்குத்தான்!"

"ஐயையோ!" என்று எலிகள் கத்தின. "உங்கள் கூரை என்ன ஆகும்?"

"எனக்கு இறக்கை இருக்கிறது. உங்களுக்கு என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்!" என்று சொல்லிவிட்டுப் புறா பறந்துவிட்டது.

எல்லோரையும்விட அதிகம் கலங்கியவள் சிமிழி என்ற எலி. அவளுக்கு நடக்கத் தெரியாத ஐந்து குஞ்சுகள். ஒவ்வொன்றாக வாயில் கவ்வித்தான் கொண்டுபோக வேண்டும். போகிற இடம் சரியில்லை என்றால் மறுபடி ஐந்தையும் தூக்கிக்கொண்டு அலைய உடம்பில் தெம்பு இல்லை.

"தலைவரே, எங்கே போவது?" என்று கேட்டாள்.

"பதறாதே! நான் எதற்கு இருக்கிறேன்?" என்ற மூட்டையப்பர், வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நடந்தார்.

முன்கூடத்தின் நடுவில் ஒரு பெரிய மேசை வந்திருந்தது. மேலிருந்து தரைவரை மஞ்சள் பட்டுத்துணி போர்த்தியிருந்தார்கள். துணிக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள், விழாவுக்கு வருபவர்களுக்குக் காட்டுவதற்காக அட்டையாலும் பசையாலும் செய்த புது நிலையத்தின் மாதிரி. அதில் விரல் உயர மனிதர்கள். சோப்புப் பெட்டி அளவில் ரயில் பெட்டிகள். நடுவில் பளபளக்கும் வெள்ளைக் குவிமாடம். மேசைக்கு அடியில் மின்கம்பி நுழைய ஒரு துளை இருந்தது. மூட்டையப்பர் அதன் வழியாக மூச்சை இழுத்துப் பிடித்து, திக்கித் திணறி உள்ளே ஏறினார்.

திரும்பி வந்தபோது அவர் ஆடிக்கொண்டே வந்தார்.

"நம் கவலை தீர்ந்தது! புது நிலையம் தயாராக இருக்கிறது! அதை மனிதர்கள் கட்டியதே நமக்காகத்தான்!"

"நமக்காகவா?"

"யோசித்துப் பாருங்கள். மனிதன் தனக்கு வீடு கட்டினால் தன் அளவுக்கல்லவா கட்டுவான்? அந்த வாசலில் அவன் கை கூட நுழையாது. நாம் நிமிர்ந்தபடி நடந்து போகலாம்! அப்படியென்றால் அது யாருக்கு?"

"நமக்கு! நமக்கு!" என்று எலிகள் குதித்தன.

அன்று மாலைக்குள் எல்லோரும் பெட்டிக்குள் ஏறிவிட்டார்கள். இடம் பிடிப்பதில் ஒரே தள்ளுமுள்ளு!

"இந்தக் குளிர்சாதன ரயில் பெட்டி எனக்கு! சன்னலோர இருக்கையும் எனக்குத்தான்!" என்று கூவினாள் நெல்லி என்ற எலி.

"தலைவருக்கு எது?"

"எனக்கென்ன, ஒரு மூலை கிடைத்தால் போதும்" என்ற மூட்டையப்பர் குவிமாடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

சிமிழி குஞ்சுகளைத் தூக்கி வரவில்லை. தனியாக வந்து பெட்டி முழுவதும் சுற்றிப் பார்த்தாள்.

"தலைவரே, தண்ணீர் எங்கே?"

"கண் இல்லையா உனக்கு? அதோ பூங்கா நடுவில் ஏரி!"

சிமிழி போய் ஏரியை நக்கினாள். நாக்கு வழுக்கியது. நீலச் சாயம் பூசிய கண்ணாடி அது.

"இதில் தண்ணீரே இல்லையே!"

"புது ஏரி அப்படித்தான் இருக்கும். போகப் போக ஊறும்!"

சிமிழி விரல் உயர மனிதர்களை ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்தாள்.

"இவர்களுக்கு வாயே இல்லை. சாப்பிடாத மனிதர்கள் எப்படிச் சிந்துவார்கள்? சிந்தாவிட்டால் நாம் எதைத் தின்பது?"

"அடடா, வாய் இல்லாததால்தான் நம்மைப் பார்த்து யாரும் கத்தவில்லை. அதை நினைத்துச் சந்தோஷப்படு!"

எலிகள் சிரித்தன. சிமிழி நிலையத்தின் பின்பக்கம் போனாள். அங்கே இருக்க வேண்டியது பழக்கடைச் சந்து. அழுகிய கொய்யாவும் நசுங்கிய சப்போட்டாவும் நாள் தவறாமல் அங்கேதான் கிடைக்கும். இங்கே பச்சைத் துணி ஒட்டிய புல்வெளிதான் இருந்தது.

"தலைவரே! சந்தைக் காணோம்! ஒரு கூடைகூட இல்லை!"

"நாறிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டார்கள். ஊர் அழகாக வேண்டாமா?"

"சரி, ஆபத்து வந்தால் வெளியே போக வேறு வழி?"

"வந்த வழிதான் இருக்கிறதே! நீ குடிவர வந்தாயா, குறை சொல்ல வந்தாயா?"

"என் வளைக்கு மூன்று வழி இருக்கிறது" என்றாள் சிமிழி.

"உன் வளையே இன்னும் மூன்று நாள்தான் இருக்கும்!" என்றாள் நெல்லி. மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள்.

சிமிழி இறங்கி, உண்மையான பழக்கடைச் சந்துக்கு ஓடினாள். அங்கே எஸ்தரம்மா என்பவரின் வாழைப்பழக் கடை அருகே அவர் வளர்க்கும் ஆடு நின்றுகொண்டிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத் தாளை அது மென்றுகொண்டிருந்தது. தாளில் புது நிலையத்தின் படம்.

"தாடியண்ணே, என்ன தின்கிறீர்கள்?"

"பச்சைப் பசேலென்று புல்வெளி தெரிந்ததே என்று கடித்தேன். வெறும் காகிதம்! ஆனால் பின்னால் தடவிய பசை மோசமில்லை. உனக்கு ஒரு துண்டு வேண்டுமா?"

"வேண்டாம் அண்ணே. இந்தச் சந்தை எடுத்துவிட்டால் எஸ்தரம்மா எங்கே போவார்?"

"ஏற்கெனவே பாதி போயாயிற்று. மேம்பாலத்துக்கு அடியில் இடம் பிடித்துக் குடையைக்கூட நட்டுவிட்டார். பூக்கடை, வடைக்கடை எல்லோரும் அங்கேதான். நாளை மறுநாள் மிச்சச் சாமானோடு கடைசி வண்டி போகும்."

"அங்கே போகச் சொல்லி யார் சொன்னார்கள்?"

"யாரும் சொல்லவில்லை. இந்தப் படம் ஒட்டிய அன்றைக்கு அம்மா அரைநாள் இதன் முன்னால் நின்றார். தன் கடை எங்கே என்று தேடினார். இல்லை. 'சரி, வாடா' என்று என் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடம் தேடக் கிளம்பிவிட்டார்."

சிமிழியின் மீசை விறைத்தது.

"அண்ணே, அந்தக் கடைசி வண்டியில் எங்களுக்கும் இடம் கிடைக்குமா?"

"அடியில் இருக்கும் கூடையில் வைக்கோல்தான் இருக்கிறது. அதற்குள் இருந்துகொள். ஆனால் பழத்தில் வாய் வைக்கக் கூடாது. அம்மா என் மேல்தான் பழி போடுவார்!"

குறித்த நாள் வந்தது. சிமிழி ஒவ்வொரு குஞ்சாகக் கவ்விக்கொண்டு நடைமேடைக்கும் சந்துக்குமாக ஓடினாள். நான்கு குஞ்சுகள் கூடைக்குப் போய்விட்டன. ஐந்தாவதை வாயில் கவ்விக்கொண்டு திரும்பியபோது, எதிரே வழியை மறித்துப் படுத்திருந்தாள் சிற்றுண்டிச் சாலைப் பூனை, பாலேட்டம்மாள்.

சிமிழி அப்படியே நின்றாள். ஓடினால் எட்டிப் பிடித்துவிடுவாள். ஓடாவிட்டாலும் பிடித்துவிடுவாள்.

பாலேட்டம்மாளோ சோம்பல் முறித்தாள்.

"என்ன சிமிழி, நலமா? குழந்தை உன் சாயல். போ, போ. எனக்கு இன்று பசியில்லை."

சொல்லிவிட்டு நகர்ந்து வழியும் விட்டாள்!

ஐந்தாவது குஞ்சும் கூடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் சிமிழியின் மனம் அடித்துக்கொண்டது. 'பிறந்த நாள் முதல் என்னைத் துரத்துகிறவள். இன்று ஏன் விட்டாள்? இதைவிடப் பெரிய சாப்பாடு எங்கோ வைத்திருக்கிறாள்!'

வண்டி கிளம்பக் கொஞ்ச நேரமே இருந்தது. குஞ்சுகளை ஆட்டின் காவலில் விட்டுவிட்டு முன்கூடத்துக்குப் பறந்தாள். துளை வழியே தலையை நீட்டினாள்.

"எல்லோரும் வெளியே வாருங்கள்! பூனைக்கு இந்த வீடு தெரிந்துவிட்டது!"

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மூட்டையப்பர்.

"இப்போது எதிரே வந்தாள். என்னைத் துரத்தவே இல்லை!"

பெட்டியே அதிரும்படி சிரிப்பு எழுந்தது.

"கேட்டீர்களா! துரத்தவில்லையாம், அதனால் ஆபத்தாம்! அடியே, நமக்குப் புது நிலையம் கிடைத்ததும் பூனைக்கே மரியாதை வந்துவிட்டது!" என்றார் தலைவர்.

வெளியே வண்டி மணி அடித்தது. "மேம்பாலத்துக்கு அடியில் போய்விடலாம், வாருங்கள்!" என்று சிமிழி கெஞ்சினாள். ஒருவரும் அசையவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். கடைசி நொடியில் கூடைக்குள் குதித்தாள்.

வண்டி சந்தைத் தாண்டிய சிறிது நேரத்தில், பசி தாங்காமல் நெல்லி துளை வழியே கீழே எட்டிப் பார்த்தாள். இரண்டு பச்சைக் கண்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"வாருங்கள், வாருங்கள்!" என்றாள் பாலேட்டம்மாள். "அவசரமே இல்லை. ஒருவர் பின் ஒருவராக, வரிசையில் வந்தால் போதும்!"

நெல்லி போட்ட கூச்சலில் எல்லோரும் குவிமாடத்தின் கீழ் ஒண்டினார்கள். வெளியே போக வேறு வழியில்லை. தின்ன ஒன்றுமில்லை. மரங்களைக் கடித்துப் பார்த்தார்கள். எல்லாம் பச்சைச் சாயம் தோய்த்த கடற்பஞ்சு. தின்றவர்களின் வாயெல்லாம் பச்சையானது. பசி அப்படியே இருந்தது.

"தலைவரே, ஏரியில் எப்போது தண்ணீர் ஊறும்?" என்று ஒரு குட்டி எலி கேட்டது.

மூட்டையப்பர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை விழா. கூடம் நிறையக் கூட்டம். ஒரு பெரிய அதிகாரி மாலையுடன் வந்து நின்று, பட்டுத்துணியின் கயிற்றை இழுத்தார். துணி சரிந்தது. பெட்டிக்குள் விளக்குகள் எரிந்தன. அதிகாரி கூட்டத்தைப் பார்த்தபடி பேசினார்.

"இதுதான் நாளைய நிலையம்! இங்கே எல்லோருக்கும் இடம் உண்டு!"

கூட்டம் அவரைப் பார்க்கவில்லை. குளிர்சாதன ரயில் பெட்டியின் சன்னலில் பச்சை வாயுடன் ஒரு எலி தெரிந்தது. பூங்காவில் மூன்று எலிகள் மொட்டை மரங்களின் நடுவே மயங்கிக் கிடந்தன.

"அம்மா, அந்த ரயிலில் எலி போகிறது!" என்று ஒரு குழந்தை கைதட்டியது.

திடீர் வெளிச்சத்தில் மூட்டையப்பர் துள்ளி எழுந்தார். குவிமாடம் அவர் கழுத்தில் மாட்டிக்கொண்டு அட்டையோடு பெயர்ந்து வந்தது. முன்னால் எதுவும் தெரியாமல் அவர் ஓடினார். கூட்டத்துக்குத் தெரிந்ததெல்லாம் புது நிலையத்தின் குவிமாடம் தானாகக் கால் முளைத்து ஓடுவதுதான்!

"நிலையம் ஓடுகிறது! பிடியுங்கள்!" என்று யாரோ அலறினார்கள்.

குவிமாடம் கண்ணாடியில் முட்டியது. பக்கவாட்டுக் கண்ணாடி கழன்று விழுந்து நொறுங்கியது. எலிகள் அந்தப் பக்கமாகக் குதித்து, காலணிகளுக்கு நடுவே சிதறி ஓடின. இவ்வளவும் நடந்தபோது பாலேட்டம்மாள் மேசைக்கு அடியில் துளைக்கு நேராக வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். அவள் வெளியே வந்தபோது கூடத்தில் மிஞ்சியிருந்த விலங்கு அவள் ஒருத்திதான்.

"இந்தப் பூனை செய்த வேலையா இது!" என்று காவலாளி கம்பை ஓங்கினார். பாலேட்டம்மாள் நான்கு நடைமேடைகளைத் தாண்டியும் திரும்பிப் பார்க்கவில்லை.

விழா முடிந்த கையோடு இயந்திரம் ஆறாம் நடைமேடையை இடித்தது. சிமிழியின் பழைய வளை இருந்த இடத்தில் புழுதி எழுந்தது.

மாலையில் மேம்பாலத்துக்கு அடியில் எஸ்தரம்மா பழம் விற்றுக்கொண்டிருந்தார். ஆடு தோலைத் தின்றுகொண்டிருந்தது. தூணுக்குப் பின்னால் புதிதாகத் தோண்டிய வளையில் சிமிழியின் ஐந்து குஞ்சுகளும் பால் குடித்துவிட்டுத் தூங்கின. அப்போது இளைத்துக் களைத்த எலிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கடைசியாக வந்தார் மூட்டையப்பர். கழுத்தில் குவிமாடம் இன்னும் இருந்தது.

சிமிழி ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. நசுங்கிய வாழைப்பழம் ஒன்றை உருட்டி வந்து அவர்கள் முன் வைத்தாள். பிறகு, தலைவரின் கழுத்திலிருந்த அட்டையைக் கடித்து எடுக்க உட்கார்ந்தாள்.

"மெதுவாக அம்மா! காது, காது!" என்றார் மூட்டையப்பர்.

"அசையாமல் இருங்கள் தலைவரே. எடுத்ததும் நீங்கள்தான் முதலில் தோண்ட வேண்டும். ஆள் அதிகமாகிவிட்டது" என்றாள் சிமிழி.

அழகாக எழும் ஒன்றைக் கண்டு கைதட்டுவதற்கு முன், அதில் நமக்குச் சோறும் தண்ணீரும் இடமும் இருக்கின்றனவா என்று தேடிப் பார்ப்பவரே பிழைப்பார்.