உமி அடுப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஆரணிப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் செண்பகம் என்று ஒரு பெண்மணி இருந்தார். காவி கட்டவில்லை, மடம் வைக்கவில்லை. கத்தரியும் கீரையும் பயிரிட்டுக்கொண்டு, தேடி வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவரைவிட மூத்தவர்கள்கூட ‘அம்மா’ என்றுதான் அழைத்தார்கள்.

அப்படி அழைத்தவர்களில் ஒருவர் ஏகாம்பரம். அரிசி ஆலை வைத்திருந்தார். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். செண்பகத்தைக் குருவாக ஏற்று வெகுகாலமாக வந்துபோய்க்கொண்டிருந்தவர், நடுவில் ஒரு வருஷம் வரவில்லை. பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறிப்போனது. மனைவி தனபாக்கியமும் மகன் செழியனும் மருமகள் பவானியும்தான் குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள், தோளில் சாய்த்து நடத்தினார்கள். மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. கால் வந்தது. இடது கையில் மட்டும் பிடிமானம் போதவில்லை.

தனியாக வெளியே போகத் தெம்பு வந்ததும் முதலில் ஏரிக்கரைக்குத்தான் வந்தார்.

“அம்மா, மூணு பேரும் என்னை மறுபடி பெத்துப் போட்டிருக்காங்க. இதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.”

“என்ன செய்யலாம்னு நினைச்சிருக்கீங்க?”

“மண்டபம் பிடிச்சு, சொந்தபந்தம் எல்லாரையும் கூப்பிட்டு, மூணு பேரையும் மேடையில உட்கார வச்சு மாலை மரியாதை பண்ணணும். நான் நாலு வார்த்தை பேசணும். மனசுக்குள்ள எல்லாத்தையும் கோத்து வச்சிருக்கேன். நீங்க வந்து முன்னால நிக்கணும். ஒரு குறையில்லாம செஞ்சு முடிச்சிட்டா எனக்கு நிம்மதி.”

செண்பகம் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்தார்.

“உங்களுக்கு ஊட்டிட்டு அப்புறம் அவங்க என்ன சாப்பிட்டாங்க?”

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். யோசித்தார். கஞ்சிக் கிண்ணம் ஞாபகம் வந்தது, கரண்டி பிடித்த மனைவியின் விரல் ஞாபகம் வந்தது. கிண்ணம் காலியான பிறகு அவள் எங்கே போனாள் என்று ஞாபகம் வரவில்லை.

“தெரியலம்மா.”

“ஞாயித்துக்கிழமை மூணு பேரையும் கூட்டிட்டு வாங்க. நீங்க சமைச்சுப் போடுங்க.”

“நான் இதுவரைக்கும் அடுப்பு பத்த வச்சதே இல்லையே.”

“ஆலையில உமி இருக்கும்ல, ஒரு மூட்டை எடுத்துட்டு வாங்க. ஆட்டுத் தொடையா வாங்குங்க, துண்டு போட வேணாம்னு சொல்லிடுங்க. மத்தது இங்க இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான்கு பேரும் வந்து இறங்கினார்கள். புங்கமரத்தடியில் செண்பகம் பாய் விரித்து வைத்திருந்தார். தனபாக்கியம் பாயைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், நேராக அடுப்புப் பக்கம் போனார்.

“நீங்க இங்க வாங்க,” என்றார் செண்பகம்.

“அவருக்கு உப்பு எது சர்க்கரை எதுன்னே தெரியாதும்மா.”

“நக்கிப் பார்த்துக்கட்டும்.”

செழியன் சிரித்துவிட்டான். தனபாக்கியம் பாதி மனசோடு வந்து பாயில் உட்கார்ந்தார்.

செண்பகம் சொல்லச் சொல்ல ஏகாம்பரம் செய்தார். அடுப்பின் நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் உமியைக் கெட்டியாக அடைத்தார். கட்டையை உருவியதும் நடுவில் குழி விழுந்தது. அடியில் நெருப்பு வைத்தார். பூண்டும் இஞ்சியும் மிளகும் தனியாவும் சேர்த்து அரைத்தார். தயிரும் மஞ்சளும் உப்பும் கலந்து தொடைக்கறியில் அழுத்தித் தேய்த்தார். இதெல்லாம் ஒரு கையால் ஆகிற வேலை.

கத்தியை வைத்துச் சின்ன வெங்காயம் உரிக்கும்போதுதான் கஷ்டமாயிற்று. இடது கையில் நிற்காமல் வெங்காயம் நழுவி நழுவி ஓடியது. குனிந்து பொறுக்கினார். மறுபடி ஓடியது. பவானி எழுந்துவிட்டாள்.

“மாமா கையை வெட்டிக்குவாரு.”

“வெட்டிக்கிட்டா மருந்து போடலாம். உட்காரும்மா,” என்றார் செண்பகம்.

பவானி உட்கார்ந்தாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு வெங்காயமாக மாமனார் உரித்து முடிப்பதை, நடை பழகுகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்பானையில் எண்ணெய் காய்ந்ததும் கறியை நாலு பக்கமும் சிவக்கப் புரட்டினார். வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட் எல்லாவற்றையும் சுற்றிலும் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடினார். உமி புகைந்துகொண்டே மெதுவாகக் கனன்றது. கொழுந்துவிட்டு எரியவில்லை. அவருக்கு அது போதுமா என்று சந்தேகம். மூடியைத் திறந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி திறந்தார்.

“திறந்து திறந்து பார்த்தா எப்பதான் வேகும்?” மரத்தடியிலிருந்து தனபாக்கியத்தின் குரல் வந்தது.

செண்பகம் பிசைந்த கோதுமை மாவைக் கொண்டுவந்து கொடுத்தார். மூடிக்கும் பானைக்கும் நடுவில் அதை ஒட்டி அடைக்கச் சொன்னார்.

“அடைச்சிட்டா, வெந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

“அப்போ என்ன செய்யறது?”

“பக்கத்துல இருங்க. வேற வேலை இல்லை.”

ஏகாம்பரம் அடுப்புக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு மனைப்பலகையைப் போட்டு உட்கார்ந்தார். வெயில் ஏறியது. ஏரியில் நாரைகள் இறங்கின. யாருக்கும் செய்ய ஒன்றுமில்லாமல் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

“தனம்.”

“ம்.”

“நான் படுத்துக் கிடந்தப்ப, எழுந்துடுவேன்னு நினைச்சியா?”

தனபாக்கியம் முந்தானையால் விசிறிக்கொண்டார். “அதெல்லாம் நினைக்கல. கஞ்சி ஆறிடப் போகுதேன்னுதான் நினைச்சேன்.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“சொல்ல முடியாதுன்னாரு. நானும் அப்புறம் கேக்கல.”

“எனக்கு ஊட்டிட்டு நீ என்ன சாப்பிட்ட?”

“அதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா?”

பவானிதான் சொன்னாள். “அத்தை நின்னுக்கிட்டே சாப்பிடுவாங்க மாமா. உங்க கிண்ணத்துல மிச்சம் இருக்கிறதை வழிச்சுப் போட்டுக்குவாங்க. உட்காருங்கன்னு சொன்னா, அவரு கூப்பிட்டா எழுந்திருக்கணும்ல, நின்னா சுலபம்னுவாங்க.”

“சும்மா இருடி,” என்றார் தனபாக்கியம்.

ஏகாம்பரம் அடுப்பைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். புகை கண்ணில் பட்டதென்று யாராவது நினைத்திருக்கலாம்.

உச்சிவெயிலில் தனபாக்கியம் பாயில் அப்படியே சாய்ந்தார். கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பகலில் அவர் தூங்கி ஏகாம்பரம் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்தே பார்த்ததில்லை. செழியனும் கொஞ்ச தூரத்தில் குறட்டை விட்டான். பவானி மரத்தில் சாய்ந்து கண்மூடியிருந்தாள். ஏகாம்பரம் மனையை நகர்த்தி, தனபாக்கியத்தின் முகத்தில் விழுந்த வெயிலைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டார். நிழல் நகர நகர அவரும் நகர்ந்தார்.

பொழுது சாய ஆரம்பித்தபோது வாசனை மாறியது. மாவு இறுகிப் பொன்னிறமாகியிருந்தது. செண்பகம் தலையசைத்தார். ஏகாம்பரம் கரண்டிக் காம்பால் தட்டி மாவை உடைத்து மூடியை எடுத்தார். ஆவி முகத்தில் அடித்தது. கரண்டி பட்டதும் கறி எலும்பை விட்டுக் கழன்று வந்தது. கேரட் குழைந்து, வெங்காயம் கரைந்து, எல்லாம் ஒரே குழம்பாகியிருந்தது.

சாதம் செண்பகம் வடித்திருந்தார். வாழையிலை போட்டு மூன்று பேரையும் உட்காரவைத்து ஏகாம்பரம் பரிமாறினார். வலது கையில் கரண்டி, இடது கை கிண்ணத்தின் அடியில். கிண்ணம் ஆடியது. யாரும் எழுந்திருக்கவில்லை. தனபாக்கியம் மட்டும் இலையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதல் கவளத்தைப் போட்டுக்கொண்டு செழியன் நிமிர்ந்தான். “அப்பா, நல்லாருக்குப்பா.”

“மிளகு கொஞ்சம் தூக்கல்,” என்றாள் பவானி. “இன்னும் கொஞ்சம் கறி போடுங்க மாமா.”

தனபாக்கியம் உட்கார்ந்தபடி, நிதானமாக, சோற்றைப் பிசைந்து பிசைந்து சாப்பிட்டார். நடுவில் ஒரு முறை நிறுத்தி ஏரியைப் பார்த்தார். மறுபடி சாப்பிட்டார்.

இதுதான் நேரம் என்று ஏகாம்பரத்துக்குத் தோன்றியது. கோத்து வைத்த வார்த்தைகளைத் தேடினார். கரண்டியைத்தான் கையில் எடுத்தார்.

“இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவா?” என்றார்.

“ஊத்துங்க,” என்றார் தனபாக்கியம்.

அவர்கள் எழுந்த பிறகு ஏகாம்பரமும் செண்பகமும் சாப்பிட்டார்கள். எலும்பும் உருளைக்கிழங்கும் மிஞ்சியிருந்தன. இவ்வளவு ருசியாக எதையும் சாப்பிட்டதில்லை என்று அவர் நினைத்தார்.

மற்ற மூவரும் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது ஏகாம்பரம் பானையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். செண்பகம் தண்ணீர் ஊற்றினார்.

“அம்மா, பேசணும்னு நினைச்சதுல ஒரு வார்த்தைகூட வரலை.”

“ம்.”

“ஆனா மனசு நிறைஞ்சிருக்கு. மண்டபம் வேணாம்னு தோணுது.” கழுவுவதை நிறுத்தினார். “ஒண்ணு மட்டும் கேக்கறேன். நான் சொல்ல வேண்டிய நன்றியைச் சொல்லி முடிச்சிட்டேனாம்மா?”

செண்பகம் செம்பைக் கீழே வைத்தார்.

“நாளைக்குக் காலையில அவங்களுக்கு என்ன சமைக்கப் போறீங்க?”